கல்லில் பொறிக்க ஒரு வசன எண்

1. முதல் நாள்

"கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நிமிஷத்துல வந்துடாதா மேடம்? இதுக்கு எதுக்கு இவ்ளோ பேர், இவ்ளோ நாள்?"

அமெரிக்காவில், டெக்ஸாஸின் இர்விங் நகரத்துத் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் ஹாலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. கேட்டவர் ஜெபராஜ். சபையின் செக்ரட்டரி. லாஸ் கொலினாஸ் பகுதியில் ஏதோ ஒரு கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். இந்தக் கேள்வியை என் தொழிலில் கேட்காத ஆள் கிடையாது. அதனால் பதில் தயாராகவே இருக்கும்.

"வந்துடுங்க. குப்பையா வரும். குப்பை போதும்னா சொல்லுங்க, நான் கிளம்பறேன்."

நான் புத்தகங்களின் கடைசியில் வரும் அடைவைத் தயாரிக்கிறவள். இங்கே இண்டெக்சர் என்பார்கள். சமையல் புத்தகம், சிறுநீரக மருத்துவம், டெக்ஸாஸ் நிலச் சட்டம், எது வந்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, எந்த விஷயம் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். எழுதியவர் பெயர் அட்டையில் வரும். எங்கள் பெயர் எங்கும் வராது. தேடியது கிடைக்காமல் எரிச்சல் வரும்போது மட்டும் படிப்பவர்கள் எங்களை நினைப்பார்கள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து இந்தத் தொழிலைப் பிடித்தது ஒரு விபத்து. பிடித்த பிறகு விடவில்லை.

சபை கேட்டது பைபிளுக்கு ஒரு முழு அடைவு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. அவர்கள் கையில் இருந்த அடைவில் முக்கியமான சொற்கள் மட்டும்தான் இருந்தன. எது முக்கியம் என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருந்தார். இவர்களுக்கு எல்லாச் சொல்லும் வேண்டுமாம்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் இந்து. எங்க வீட்டுல பைபிள் இருந்ததே இல்ல" என்றேன்.

ஜெபராஜ் கொஞ்சம் நெளிந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"அதுக்கென்னம்மா? கெணறு வெட்டுதவன் அந்த வீட்டுக்காரனாவா இருக்கணும்? நீங்க வேலையப் பாருங்க."

அவர்தான் சாமுவேல் சார். எண்பதை நெருங்குகிறவர். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்துவிட்டு, நர்ஸான மனைவியோடு இங்கே வந்தவர். கூட்டம் முடிந்ததும் நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சபைக்கு வேணும், பிள்ளைகளுக்கு வேணும்னு இவன் சொல்லுதான். அதெல்லாம் சரிதான். எனக்கு ஒரே ஒரு வசனம் வேணும். அதுக்குத்தான் இத்தன பேரையும் கெளப்பி விட்டிருக்கேன்."

மனைவி ரூபி போன வருஷம் இறந்துவிட்டார். சபை சேர்ந்து வாங்கிய கல்லறை இடத்தில் அடக்கம். கல் இன்னும் வைக்கவில்லை. அந்த இடத்துக்குச் சபை ஒரு விதி வைத்திருந்தது. பெயர் விவரங்கள் போக, கல்லில் வேத வசனம் மட்டும்தான் போடலாம். கீழே புத்தகம், அதிகாரம், வசன எண் இருக்க வேண்டும். முன்பு யாரோ ஒருவர் அப்பாவின் கல்லில் சினிமாப் பாட்டு வரியைப் பொறித்துவிட்டு, அது பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது என்று சாதித்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த விதி.

"என்ன வசனங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"நீ இளைப்படையுமுன்னே உன் படுக்கையை நான் விரித்து வைப்பேன்."

"எந்தப் புஸ்தகத்துல?"

"அது தெரிஞ்சா உங்களை எதுக்கும்மா கூப்பிடுதேன்? அவ தெனமும் சொல்லுவா. நான் எங்க இருக்குன்னு கேட்டதே இல்ல. நாப்பது வருஷம் ஒரு ஆளு பக்கத்துலேயே இருந்தா, அட்ரஸ் கேக்கத் தோணாது பாத்துக்கிடுங்க."

அங்கே நின்றிருந்த எல்லாருக்கும் அந்த வசனம் தெரிந்திருந்தது. "ஏசாயாதான் அங்கிள், நாப்பதுக்கு மேல எங்கயோ" என்றார் ஜெபராஜ். ஓசியா என்றார் இன்னொருவர். சங்கீதத்தில் கண்ணால் பார்த்ததாக ஒரு அம்மா சத்தியம் செய்தார். சாமுவேல் சார் ஆராதனையில் எழுந்து தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி, சபை முழுக்க அது மனப்பாடம். ஜெபராஜ் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவே வைத்திருந்தார், மேகத்துக்குப் பின்னால் சூரியன் வருகிற படத்தோடு.

"போன்ல தேடிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். இல்லங்குது. போன் சொன்னா நம்பணுமா?"

நம்ப வேண்டியதில்லை. அதில் அவர் சொன்னது சரி. போன் நீங்கள் தட்டியதைத் தேடும். சொல்லின் ஒரு வடிவத்தைத் தட்டினால் அந்த வடிவத்தை மட்டும்தான் தேடும். உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்டை யார் ஏற்றினார்கள், எவ்வளவு விட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒரு புத்தகத்தில் ஒன்று இல்லை என்று சொல்ல, அந்தப் புத்தகத்தின் கடைசிச் சொல் வரைக்கும் ஒருவர் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கல் வெட்டும் கடைக்காரர் ஈஸ்டருக்குள் வாசகம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

2. தெரிந்தவர்கள் படித்தால் இப்படித்தான்

லத்தீன் பைபிளுக்கு முதன்முதலில் அடைவு போட்டவர்கள் மடத்துத் துறவிகள். நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து செய்தார்கள் என்று சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு டஜனுக்கும் குறைவு. அதிலும் சிலர் டீ போட மட்டும் வந்தவர்கள்.

வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதலில், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த டெக்ஸ்ட்டை அச்சுப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் ஸ்க்ரீனில் பார்த்துக்கொண்டே வருவார். டெக்ஸ்ட் சுத்தமான பிறகு கம்ப்யூட்டரில் சின்ன புரோகிராம் ஒன்றை ஓட்டினால் சொற்பட்டியல் வந்துவிடும். அதன் பிறகுதான் நிஜமான வேலை. சிதறிக் கிடக்கும் வடிவங்களை ஒரே தலைச்சொல்லின் கீழ் கொண்டுவர வேண்டும். படுக்கை என்று தேடுகிறவருக்குக் கட்டிலும் மெத்தையும் பாயும் கண்ணில் பட, "இதையும் பார்க்க" என்று குறிப்புப் போட வேண்டும். இதைக் கம்ப்யூட்டர் செய்யாது. செய்கிறது என்று சொல்கிறவர்கள் அதன் வேலையைப் படித்துப் பார்த்ததில்லை.

முதல் சுற்று முடிந்தது. சங்கீதமும் சுவிசேஷங்களும் ஒரு பிழை கூட இல்லாமல் வந்தன. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவு நீளமான டெக்ஸ்ட்டில் பிழையே இல்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நானே சில பக்கங்களை எடுத்து ஒப்பிட்டேன். சபையில் குழந்தைகூடச் சொல்லும் ஒரு சங்கீதத்தில் பாதி வரி காணோம். வேறு ஓரிடத்தில் ஒரு வசனமே இல்லை. எண் மட்டும் நின்றது.

ஜெபராஜை அழைத்துக் காட்டினேன்.

"இத யாருங்க பாத்தது?"

"நான்தான் மேடம். அங்கிள் வாசிச்சாரு, நான் ஸ்க்ரீன் பாத்தேன். வார்த்தைக்கு வார்த்தை கரெக்டா இருந்துச்சே!"

"இந்த வரி ஸ்க்ரீன்ல எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயோ. ஆனா நான் படிச்சேன் மேடம். ப்ராமிஸா படிச்சேன்."

"நீங்க படிக்கல. உங்களுக்கு மனப்பாடம். வாய் ஓடிட்டே இருந்திருக்கு, கண்ணு சும்மா இருந்திருக்கு."

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அதுதான் சிக்கலே. இவர்கள் எல்லாரும் சிறுவயதிலிருந்து வசனப் போட்டிகளில் வளர்ந்தவர்கள். புத்தகத்தைத் திறக்காமல் சொல்கிறவனுக்குத்தான் பரிசு. பார்த்துப் படிப்பது அவர்கள் ஊரில் தோற்றவன் செய்கிற வேலை. அப்படிப்பட்டவர்களைப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னால், பக்கம் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உள்ளே இருப்பதை எடுத்து, இல்லாத இடத்தில் தாங்களே நிரப்பிவிடுகிறார்கள். பைபிள் தெரியாத கூட்டம் இந்தத் தவறைச் செய்திருக்காது.

அன்று சத்தம் போட்டேன். ஒரு அம்மா அழுதுவிட்டார். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் சுற்று முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, ஒவ்வோர் அதிகாரத்தையும் கடைசி வசனத்திலிருந்து முதல் வசனத்துக்குப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். அப்போது மனப்பாடத்துக்கு ஓட வழி இருக்காது. இரண்டு, பைபிள் தெரியாத கண்கள் வேண்டும்.

என்னோடு காலையில் நடக்கும் பத்மாவைக் கூட்டிவந்தேன். சென்னைக்காரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், வாய் சும்மா இருக்காது. பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தைக் கையில் கொடுத்து சாமுவேல் சாருக்கு எதிரில் உட்கார வைத்தேன்.

"என்ன அங்கிள் இது, கொழுப்ப எங்க போடணும், குடல எங்க கழுவணும், எந்தப் பக்கம் தெளிக்கணும்… எங்க மாமியார்கூட பூஜைக்கு இவ்ளோ இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்ததில்ல!"

"வாசிம்மா, வாசி. எங்க ஆளுவ அந்தப் பக்கத்தத் திருப்பினதே கெடையாது."

"அப்ப எங்க ஊர் கெடா வெட்டப் பாத்து மட்டும் ஏன் மூஞ்சியத் திருப்பிக்கறீங்க?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"அடுத்த வசனத்த வாசிங்கேன், ஈஸ்வரி சிஸ்டர் பாக்காவ."

ஈஸ்வரி சிஸ்டர் என்பது நான். நான் யாருக்கும் சிஸ்டர் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பத்மா ஒரே உட்காரலில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து பிடிக்காத அளவு விடுபட்ட வரிகளைப் பிடித்தாள். அவளுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. அதனால் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். வேறு ஒரு திறமையும் இல்லை.

3. படுக்கை, பாய், கட்டில், மெத்தை

டெக்ஸ்ட் சுத்தமானது. தலைச்சொற்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. சாமுவேல் சார் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"வந்துட்டா?"

"இன்னும் ப வரலீங்க."

"ப-வ மொதல்ல பண்ணப்படாதா?"

"அகர வரிசைலதாங்க பண்ணோணும். நடுவுல புகுந்தா நூல் அறுந்துரும்."

டீயைக் குடித்துவிட்டுப் போவார். மறுநாள் மறுபடியும் வருவார்.

இகரம் வந்தபோது "இளை" என்ற தலைச்சொல்லின் கீழ் இளைப்பது, இளைப்படைவது, இளைப்பாறுவது எல்லாவற்றையும் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் புத்தகத்தில் திறந்து பார்த்தேன். அவர் வசனம் இல்லை. பிறகு "படுக்கை". அதற்கும் இணைச்சொற்களுக்கும் வந்த எல்லா இடங்களையும் பார்த்தேன். பைபிளில் படுக்கைகள் ஏராளம். நோயாளிகள் கிடக்கிறார்கள், ராஜாக்கள் தூங்காமல் புரள்கிறார்கள், ஒருவன் தன் படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கிறான். அவர் வசனம் இல்லை. "விரி"யில் கூடாரம் விரிகிறது, வலை விரிகிறது, சிறகு விரிகிறது. அங்கேயும் இல்லை.

சொல் வழியாகக் கிடைக்காவிட்டால் பொருள் வழியாகப் போக வேண்டும். கடவுள் ஒருவனுக்கு அவன் கேட்பதற்கு முன்பே ஏதாவது செய்கிற இடங்களைத் தனியாக எடுத்தேன். ஏசாயாவின் கடைசிப் பகுதியில், அவர்கள் கூப்பிடுவதற்கு முன்பே பதில் கொடுப்பேன் என்ற பொருளில் ஒரு வசனம் இருக்கிறது. சங்கீதத்தில் ஓரிடத்தில் நோயாளியின் படுக்கையைக் கடவுள் மாற்றிப் போடுவதாக வருகிறது. நர்ஸ் செய்கிற வேலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் சொன்ன வரி எங்கிருந்து பிறந்திருக்கலாம் என்று தெரிந்தது. ஏசாயாவின் ‘முன்பே’, சங்கீதத்தின் படுக்கை. ஆனால் அந்த வரி இரண்டிலும் இல்லை.

இன்னொரு முறை முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை இல்லை. இந்த முறை நான் அதைச் சொல்லலாம்.

ஜெபராஜிடம் முதலில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவருக்குள் இருந்த புராஜெக்ட் மேனேஜர் வெளியே வந்தார்.

"மேடம், இத இப்படிப் பாருங்க. அந்த ஏசாயா வசனமும் கிட்டத்தட்ட அதானே? ஸ்பிரிட் ஒண்ணுதான். ரூபி ஆன்ட்டி சொன்ன வரியப் போட்டு, கீழ ஏசாயா நம்பரப் போட்டுடலாம். அங்கிளும் ஹேப்பி, கமிட்டியும் ஓகே. யாரு செக் பண்ணப் போறா?"

"நான் பண்ணுவேன்."

"மேடம், அவருக்கு வயசாயிடுச்சு…"

"வயசானவர்னா பொய் சொல்லலாமா? எண்ணைப் பாத்துப் போறவன் அங்க வேற ஒண்ணப் படிப்பான். எங்க தொழில்ல இதவிடக் கேவலம் ஒண்ணு கெடையாதுங்க. அச்சுல போட்டா அடுத்த பதிப்புல திருத்தலாம். கல்லுல போட்டா என்ன பண்ணுவீங்க?"

"அப்ப சங்கீதத்தையே அப்படியே போட்டுடச் சொல்லலாம். அவருக்கு அதான் இதுன்னு சொல்லிடலாம். நம்ம பழைய ட்ரான்ஸ்லேஷன்ல கொஞ்சம் வேற மாதிரி இருக்குன்னு சொன்னா நம்பிடுவாரு."

இது முதலாவதை விட மோசம். முதலாவது பொய் கல்லோடு நின்றிருக்கும். இது அந்த மனிதனின் தலைக்குள் போகும். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

4. அவர் வீட்டில்

போனபோது அவர் மகள் நியூ ஜெர்சியிலிருந்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும்.

"டாட், ஜஸ்ட் புட் ‘இன் லவிங் மெமரி’. எவ்ரிபடி டஸ் தட்."

"எல்லாரும் போடுதத நான் எதுக்குடி போடணும்? சரி, வை. அந்த சிஸ்டர் வந்திருக்காவ."

ஸ்பைரல் போட்ட பிரின்ட்அவுட்டை மேஜையில் வைத்தேன். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

"சார், அந்த வசனம் பைபிள்ல இல்லீங்க."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சரியாப் பாத்தியளா?"

"பாத்தேங்க."

"எங்கயாவது விட்டிருப்பிய."

"விடலீங்க."

"உங்களுக்கு இது வேதம் இல்லம்மா. வெறும் புஸ்தகம். விட்டிருக்கலாம்."

கோபம் வந்தது. அடக்கவில்லை.

"வேதம்னு நெனச்ச உங்க ஆளுங்கதான் வரி வரியா விட்டாங்க. வெறும் புஸ்தகம்னு நெனச்சதாலதான் நான் முழுசாப் படிச்சேன். இந்தாங்க, நீங்களே பாருங்க."

பார்த்தார். தன் பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "படுக்கை"யின் கீழ் இருந்த ஒவ்வொரு இடத்தையும் எடுத்தார். விரலை வைத்து, பள்ளிக்கூட வாத்தியார் விடைத்தாள் திருத்துவதுபோல், ஒன்று முடிந்தால் பென்சிலால் ஒரு டிக். படுக்கை முடிந்தது. கட்டில், பாய், மெத்தை முடிந்தன. "இளை" எடுத்தார். "விரி" எடுத்தார். கடைசியாக அந்த இரண்டு வசனங்களையும் நானே காட்டினேன். ஏசாயா, சங்கீதம். இரண்டையும் வாய்விட்டு வாசித்தார்.

"இதுவள எனக்குத் தெரியும். இது இல்ல அவ சொன்னது."

"இல்லீங்க."

பைபிளை மூடினார். மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அது யாரு சொன்னது?"

"அத அடைவு சொல்லாதுங்க. இந்தப் புஸ்தகத்துல இல்லைங்கறது மட்டுந்தான் அது சொல்லும். அவங்க எப்பச் சொல்லுவாங்க?"

அவர் சொன்னது எனக்குச் சொல்வதுபோல இல்லை.

"நாங்க வந்த புதுசு. அவளுக்கு ஆஸ்பத்திரில வேல. எனக்கு ஒண்ணும் கெடைக்கல. ஹெட்மாஸ்டர் சர்ட்டிபிகேட்ட இங்க எவன் பாப்பான்? கேஸ் ஸ்டேஷன்ல, நம்ம ஊரு பெட்ரோல் பங்கு மாதிரி, ராத்திரி ஷிப்டுக்குப் போனேன். சிகரெட்டும் பீரும் வித்தேன். ஊருல பையன் பீடி குடிச்சான்னு முதுகுத்தோல உரிச்சவன் நான். காலைல வீட்டுக்கு வருவேன். அவ டூட்டிக்குப் போயிருப்பா. மூஞ்சியப் பாக்கதே ஞாயித்துக்கெழமதான்."

"ம்."

"உள்ள போனா பெட்டு விரிச்சிருக்கும். வெளிச்சம் அடிக்கக்கூடாதுன்னு ஜன்னல்ல போர்வையத் தொங்க விட்டிருப்பா. நான் செருப்பக் கழத்துததுக்குள்ள போன் அடிக்கும். வார்டுலேர்ந்து பேசுவா. ரெண்டு நிமிஷம்தான். தூங்குங்கன்னு சொல்லிட்டு இதச் சொல்லுவா. நீ இளைப்படையுமுன்னே… நான் ஆமென்னு சொல்லிட்டுப் படுப்பேன். கர்த்தர் சொல்லுதாருன்னு நெனச்சேன்."

கை பைபிளின் மேல் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விரிச்சு வைப்பேன்னு சொன்னது… அவளா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. அது என் வேலை இல்லை.

"அடிப்பாவி. நாப்பது வருஷமா நான் ஆமென் சொல்லிட்டிருந்திருக்கேனே. அவளுக்கு ஒரு பதில் சொல்லலியே."

பிறகு எழுந்து உள்ளே போனார். குழாய் திறந்த சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

5. கமிட்டி

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு, ஹாலில் கமிட்டி கூடியது. அடைவின் முதல் பிரதியை ஒப்படைக்க நானும் போயிருந்தேன். ஜெபராஜ் ஒரு சமாதான ஏற்பாட்டோடு வந்திருந்தார்.

"அங்கிள், பாஸ்டர்கிட்ட பேசிட்டேன். உங்களுக்காக ஒரு எக்ஸெப்ஷன் குடுக்கலாம்னு சொல்றாரு. ஆன்ட்டி வரியவே போடுங்க. நம்பர் வேணாம். இந்த ஒரு தடவ மட்டும்."

அதுவரை சாமுவேல் சார் வேண்டி நின்றது அதைத்தான். கிடைத்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன்.

"வேண்டாம்ல."

"ஏன் அங்கிள்? உங்களுக்காக ரூலையே மாத்திருக்கோம்!"

"ஏல, அது அவ எனக்குச் சொன்னது. ரோட்டுல போறவன் வாரவன்லாம் நின்னு படிக்கதுக்கு எதுக்கு?"

"அப்ப சங்கீதம் போட்டுடலாமா?"

"அது கர்த்தர் சொன்னது. எல்லாக் கல்லுலயும் இருக்கு. இவ கல்லுல இவ பேரு இருக்கட்டும். அவங்க அம்மை அப்பன் பேரு இருக்கட்டும். நர்ஸுன்னு போடு. அம்புட்டுத்தான்."

"ஒரு வசனம்கூட இல்லாம எப்படி அங்கிள்?"

"வசனம் போட்டா நம்பர் போடணும்னுதான உன் ரூல்? வசனம் போடலன்னா என்ன செய்யணும்னு போட்டிருக்கா? எடுத்துப் பாரு."

ஜெபராஜ் உண்மையாகவே எடுத்துப் பார்த்தார். அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஈஸ்டருக்கு முன்பே கல் வந்துவிட்டது. சபையின் இடத்தில் வசனம் இல்லாத ஒரே கல் அது. தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் ஜெபராஜ் எடுத்துவிட்டார். யாரும் சொல்லாமலே.

அடைவு இப்போது அந்தச் சபையில் உபயோகத்தில் இருக்கிறது. என் பெயர் அதில் இல்லை. பத்மா பெயரும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தேடுகிறவனுக்கு எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நமக்கு ஒரு அரிப்பு இருக்கும். இப்போது மெஷின்களுக்கும் அந்த அரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கேட்டது இல்லை, ஆனால் கிட்டத்தட்ட இது இருக்கிறது என்று நீட்டும். நீட்டாதீர்கள். முழுவதும் படியுங்கள். இருந்தால் இடத்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஜெபராஜ் சொன்னபடி அன்றைக்கு நான் அந்த ஏசாயா எண்ணைக் கொடுத்திருந்தால், சாமுவேல் சார் எனக்கு நன்றி சொல்லி ஒரு நல்ல கல் வைத்திருப்பார். தன்னிடம் பேசியது யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.